அடம்பன் பூவுக்கு அரைநாள்தான்

கேள்வி: உப்புவெளிக் கடற்கரைச் செடிகளை நீர்வர்ணத்தில் வரைகிறேன். அடம்பன் பூ, வரைந்து முடிக்குமுன் சுருங்கிவிடுகிறது, கடதாசியும் நெளிகிறது. "படம் கீறுறதெல்லாம் சின்னப் பிள்ளையளின்ர வேலை" என்கிறார்கள் வீட்டில். இயற்கையை இப்படி வரைந்த பெண்கள் முன்பு இருந்தார்களா? என் படங்கள் ஆய்வுக்கு உதவுமா?
— வாசகி, திருகோணமலை

பதில்: அன்புத் தங்கைக்கு,

இருந்தார்கள். கடலுக்கு அக்கரையில், சென்னையில், எலிசபெத் குவில்லிம் 1801 தொடக்கம் 1807இல் இறக்கும் வரை வாழ்ந்து, பறவைகளை உயிரளவில் வரைந்தார். நூற்றுக்கு மேற்பட்ட அந்தப் படங்கள் இன்று கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கூட இருந்த சகோதரி மேரி சைமண்ட்ஸ் மீன்களை வரைந்தார். அவர்களுக்கும் நூறு ஆண்டு முன்னர், 1699இல், மரியா சிபில்லா மெரியன் மகளோடு தென்னமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். புழு, அது தின்னும் இலை, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்த்துக் காட்டினார். 1705இல் அது 60 படங்களுள்ள நூலாயிற்று. மரியன் நோர்த் 1876–77இல் இலங்கைக்கே வந்து எண்ணெய் வர்ணத்தில் வரைந்தவர். வீட்டாருக்கு இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பூ. அடம்பன் காலையில் விரிந்து பின்னேரத்துக்குள் சுருண்டுவிடும். தண்ணீரில் வைத்தாலும் நிற்காது, அதன் ஆயுள் அவ்வளவுதான். அதனால் வேலையின் ஒழுங்கை மாற்றுங்கள்: கோடு பிறகு, நிறம் முதலில்.

வெயில் ஏறுமுன் இரண்டு பூ, ஒரு மொட்டு, நாலைந்து இலையோடு ஒரு கொடித்துண்டை வெட்டி, ஈரமாக்கிய பத்திரிகைத் தாள் விரித்த சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து மூடுங்கள். சொப்பிங் பையில் போட்டால் இதழ் நசுங்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் பத்து நிமிடத்தில், துண்டுக் கடதாசியில் இதழின் ஓரம், நடு, குழாயின் உட்புறம் என்று மூன்று நிறங்களைக் கலந்து, பூவோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். சரிவந்ததும் எந்த வர்ணங்களைக் கலந்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். பூ வாடிய பிறகும் இந்தத் துண்டு கைகொடுக்கும். மலிவான பெட்டிகளின் ஊதாச் சிவப்பை நம்ப வேண்டாம். அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு வெளிச்சத்தில் வெளிறும். குவினாக்ரிடோன் ரோஸ் என்ற வர்ணம் நிலைக்கும்.

அடுத்தது அளவு. இரு முனையும் ஊசியாக உள்ள கவராயத்தால் பூவின் அகலம், காம்பின் நீளம், இலையின் பிளவு ஆழம் ஆகியவற்றை எடுத்து அப்படியே தாளில் குத்துங்கள். இரண்டாவது பூவைப் பிளேட்டால் நெடுக்குவாட்டில் பிளந்தால் ஐந்து கேசரங்களும் தெரியும். அவற்றை ஒரே நீளத்தில் கீறிவிடாதீர்கள், உண்மையில் அவை சமமில்லை. இப்படிப் பெருப்பித்த பகுதியின் கீழ் "5 மடங்கு" என்று மட்டும் எழுதினால், படத்தைச் சிறிதாக்கி அச்சிடும்போது அது பொய்யாகிவிடும். சிறு அளவுகோடு ஒன்றை வரைந்து "5 மி.மீ." என்று குறியுங்கள், படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கும்.

இலை அவசரப்படுத்தாது, மறுநாளும் வரையலாம். ஆனால் எல்லா இலைகளையும் நேர்முகமாகக் காட்டுவதுதான் பலரும் விடும் பிழை. அடம்பன் இலை நடுநரம்பில் புத்தகம்போல மடிந்து நிற்கும். ஒன்றையாவது அப்படியும், இன்னொன்றை அடிப்புறம் தெரியவும் வரையுங்கள்.

கடதாசி நெளிவது, நனைந்த இடத்து நார் விரிந்து நனையாத இடம் அப்படியே நிற்பதால். சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள, மழமழப்பான நீர்வர்ணக் கடதாசி வாங்குங்கள். அதுவும் நெளிந்தால் இரு பக்கமும் நனைத்து, பலகையில் நான்கு ஓரமும் பசைநாடாவால் ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு தொடங்குங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வர்ணம் உடனே உலர்ந்து ஓரக்கோடு விழும். யன்னலைச் சாத்திவிட்டுச் சிறு சிறு பகுதியாகப் பூசுங்கள். மாரியில் இதற்கு நேர்மாறு: கீழ்ப்பூச்சு காயுமுன் மேலே போட்டால் அது கிளம்பிச் சேறாகும். முடித்த படத்திலும் பூஞ்சணம் பிடிக்கும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.

அடம்பனுக்குப் பிறகு பூவரசுக்குப் போங்கள். காலையில் மஞ்சளாக விரியும் பூ, உதிருமுன் சிவந்துவிடும். மெரியனைப்போல இரண்டு நிலையையும் ஒரே தாளில் வைக்க, இதைவிட நல்ல பூ அங்கே கிடைக்காது.

ஆய்வுக்கு உதவ வேண்டுமானால் திகதி, இடம், மணலா பாறையா என்ற குறிப்பு அவசியம். அதே கொடியின் இன்னொரு துண்டைப் பத்திரிகைத் தாள்களுக்கிடையில் அழுத்தி, முதல் வாரம் தினமும் தாளை மாற்றி உலர்த்துங்கள். படத்துக்கும் அதற்கும் ஒரே இலக்கமிடுங்கள். உலர்ந்த செடி இழக்கும் நிறத்தைப் படம் காக்கும். படத்தில் ஐயம் வந்தால் செடியை எடுத்துப் பார்க்கலாம். உங்கள் பக்கத்துப் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுக்க வேண்டாம். பென்சிலும் கொப்பியும் போதும்.

ஒவ்வொரு படத்திலும் உங்கள் பெயரை இடுங்கள். இங்கிலாந்தின் எலிசபெத் கூல்ட் வரைந்த பறவைகளை, பறவை நூல்களை வெளியிட்ட கணவர் ஜோன் கூல்டின் பறவைகள் என்றே உலகம் நீண்டகாலம் பேசிற்று. முன்பக்க மூலையில் சிறிதாகப் பெயர், பின்பக்கத்தில் முழுப்பெயரும் திகதியும் இலக்கமும். பின்பக்கத்தில் பென்சிலாலேயே எழுதுங்கள். பேனை மை ஈரத்தில் ஊறி முன்னால் வந்துவிடும்.