அணியத்தில் நான்காவது கீற்று முறிவது ஏன்?

மாதிரிக் கப்பலின் உடலில் ஒட்டும் மரக் கீற்று முறிகிறது என்று ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டாதீர்கள். கீற்றின் அகலத்தைக் குறையுங்கள். முதல் மூன்று கீற்றுகள் படிந்து, நான்காவது மட்டும் அணியத்தருகே, அதாவது கப்பலின் மூக்கருகே, முறிகிறது என்கிறீர்கள். அப்படியானால் குறை மரத்தில் இருக்க வாய்ப்பில்லை.

கப்பலின் நடுவயிறு பெரியது, மூக்கு சிறியது. ஒரே அகலக் கீற்றுகள் மூக்கில் இடம் போதாமல் பக்கவாட்டில் வளையப் பார்க்கும். கீற்று தட்டைப் பக்கமாக வளையும், விளிம்புப் பக்கமாக வளையாது. நானும் இரண்டு கீற்றுகளை முறித்த பிறகுதான் இதைப் புரிந்துகொண்டேன்.

ஒரு சோதனை: உலர்ந்த கீற்றை நடுவிலிருந்து விலாச் சட்டங்களின் (கப்பலுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) மேல் அழுத்தாமல் படியவிடுங்கள். மூக்கருகே முந்தைய கீற்றின் மேல் எவ்வளவு ஏறுகிறதோ, அதைப் பென்சிலால் குறித்து, அவ்வளவையும் சீவிவிடுங்கள். ஆனால் பாதி அகலத்துக்குக் கீழே போக வேண்டாம். 5 மி.மீ. கீற்று என்றால் 2.5 மி.மீ. வரைதான். அதற்கும் இடமில்லையென்றால் ஒரு கீற்றை மூக்குக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பிறகு வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, டம்ளரைச் சுற்றி கிளிப் போட்டு இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு ஒட்டாதீர்கள். ஊறிய மரம் உப்பியிருக்கும். உங்கள் கிருஷ்ணகிரி சித்திரை வெயிலில் சுருங்கி இடைவெளி விடும். நான் தருமபுரியில் பட்டது அது.

இடது, வலது என மாறிமாறி ஒட்டுங்கள். ஒரே பக்கமாக ஒட்டினால், கப்பலின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகுக்கட்டை கோணிவிடும். அதை நிமிர்த்துவது பெரும்பாடு. வால்நட் கீற்று என்றால் எளிதில் ஒடியும், முதலில் ஒரு துண்டில் முயன்று பாருங்கள்.