வாசகர் கேள்விகள்: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எது எடுபடும்?

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டி அடுத்தடுத்து அமையவுள்ள கல்குவாரிகளுக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் என்று நாளிதழில் அறிவிப்பு வந்துள்ளது. ஊரே திரண்டு எதிர்த்தால் அனுமதி மறுக்கப்படுமா?
— ஒரு வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: அப்படி உறுதி கூற முடியாது. 2006 செப்டம்பர் 14ஆம் நாளிட்ட மத்திய அரசின் அறிவிக்கைப்படி இக்கூட்டம் வாக்கெடுப்பு அன்று. இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற வரையறையும் அதற்கு இல்லை. மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகித்தாலும் அனுமதி பற்றி முடிவெடுப்பவர்கள் அவர்கள் அல்லர். அங்கே பேசப்படுவது வீடியோவில் பதிவாகி, நடவடிக்கைக் குறிப்புடன் மாநில அளவிலான வல்லுநர் குழுவின் பார்வைக்குச் செல்கிறது. எழுப்பப்பட்ட சுற்றுச்சூழல் ஆட்சேபங்களுக்குத் திட்டத்தை முன்வைத்தவர், திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன நேரும் என்று மதிப்பிடும் அறிக்கையின் இறுதி வடிவில் விடை கூற வேண்டும்.

ஆகவே, "குவாரி வேண்டாம்" என்ற நூறு குரல்களுக்கு வேலைவாய்ப்பு, சாலை வசதி என்று பொதுவாகப் பதில் எழுதிவிடலாம். ஆனால், "அருகில் நீர்வழி எதுவும் இல்லை என்கிறது அறிக்கை, கிராம வரைபடத்தில் இந்தச் சர்வே எண்ணில் ஓடை இருக்கிறது" என்று ஒருவர் நகலுடன் எழுதிக் கொடுத்தால், அதை ஆவணத்தைக் கொண்டுதான் மறுக்க முடியும். கூட்டத்துக்கு 30 நாள் முன்னதாக அறிவிப்பு தர வேண்டும் என்பது இதற்காகத்தான். வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் எழுத்து மூலமாகவே கருத்தை அனுப்பலாம்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, தற்போதைய நிலையை அளந்து சொல்லும் அத்தியாயம். மழைக்காலம் நீங்கலாக ஒரே பருவத்தில் எடுத்த அளவீடுகளே பெரும்பாலும் அதில் இருக்கும்; கோடையில் வறண்டு ஐப்பசியில் நிரம்பும் கிணறுகளைப் பற்றி அவை என்ன சொல்லிவிடும்? மேலும், இந்த அறிக்கையைத் தயாரிப்பவருக்குக் கூலி கொடுப்பவரே திட்டத்துக்கு உரியவர்தான். மாப்பிள்ளையின் குணத்தை அவர் வீட்டாரிடமே விசாரிப்பது போன்ற ஏற்பாடு இது.

கேள்வி: அறிக்கையின் குறையால் அனுமதி ரத்தான முன்னுதாரணம் உண்டா?
— ஒரு வாசகி, தேனி

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே உண்டு. பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு அளிக்கப்பட்ட அனுமதி 2017 மார்ச்சில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் நிலைக்கவில்லை. அறிக்கை தயாரித்த அமைப்பு உரிய அங்கீகாரம் பெற்றதன்று என்பது ஒரு காரணம். கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கும்போது, கடுமையான ஆய்வுக்குரிய 'ஏ' பிரிவில் வைக்க வேண்டிய திட்டத்தை 'பி' பிரிவில் வைத்தது மற்றொன்று. ஆயினும் 2018இல் மத்திய அமைச்சகம் அதற்குப் புதிதாக அனுமதி அளித்தது. கோவாவின் மோபா விமான நிலையத்திலும் இதுவே நடந்தது: தகவல்கள் மறைக்கப்பட்டதாகக் கூறி 2019 மார்ச்சில் அனுமதியை நிறுத்திவைத்த உச்ச நீதிமன்றம், மறு ஆய்வுக்குப்பின் 2020இல் தடையை நீக்கியது.

கேள்வி: அனுமதி கிடைத்துவிட்டால் வழி அடைபட்டதா?

பதில்: இல்லை. பாதிக்கப்பட்டவர் 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கும். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது.