யாழ்ப்பாணத்தில இருந்து ரொறன்ரோ எவ்வளவு தூரம், பிளேனில எத்தனை மணித்தியாலம்?

நேரா அளந்தா கிட்டத்தட்ட 13,700 கிலோமீற்றர். இதோட நிப்பாட்டலாம். ஆனா இதைக் கேக்கிற ஆக்கள் அனேகமா அம்மாவையோ அப்பாவையோ தனிய ஏத்திவிடப் போறவை. நீங்களும் அப்பிடித்தான் எண்டு நினைச்சு எழுதுறன்.

நெடுங்கோட்டில நாங்கள் கிழக்கில 80 பாகை, ரொறன்ரோ மேற்கில 79, கிட்டத்தட்ட உலகத்தின்ர மற்றப் பக்கம். அதால ஆகக் கிட்டின வழி வடக்கால, ஆர்க்டிக் பக்கமாப் போகுது. அந்தக் கணக்கில யாழ்ப்பாணம், கொழும்புப் பக்கம் இருக்கிற கட்டுநாயக்கா எயார்போட்டை விட ரொறன்ரோவுக்கு ஒரு 260 கிலோமீற்றர் கிட்ட. என்ன பிரயோசனம்? வான் பிடிச்சு 350 கிலோமீற்றருக்கு மேல தெற்க போனாத்தான் பிளேன் ஏறலாம்.

மாசி மாசம் அம்மாவை அக்காவிட்ட அனுப்பினன். அம்மாவுக்கு 72 வயசு. பின்னேரம் 3 மணிக்கு வான் வெளிக்கிட்டது. ஆனையிறவு தாண்டேக்கயே கால் வீங்குது எண்டு சொன்னா. அநுராதபுரம், புத்தளம் எண்டு போய்ச் சேர இரவு 11. விடிய 3 மணிக்குப் பிளேன். துபாய்க்கு நாலரை மணித்தியாலம், அங்க மூண்டரை மணித்தியாலம் குந்தியிருப்பு, பிறகு 14 மணித்தியாலம். இறங்கேக்க ரொறன்ரோவில அதே நாள் பின்னேரம், ரெண்டரை தாண்டியிருந்தது. அங்க மாரியில எங்களை விடப் பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு. ரிக்கெற்றில 22 மணித்தியாலம் எண்டு கிடந்தது. வீட்டு வாசலில இருந்து எண்ணினா 34. திரும்பி வரேக்க காத்துத் தள்ளிறதால அந்த 14 கொஞ்சம் குறையும்.

"பலாலியில இருந்து சென்னை ஒண்டேகால் மணித்தியாலம்தானே, அங்க மாறலாமே" எண்டு கீழ வந்து எழுதப் போறவைக்கு: தெரியும். யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போட்டை 2019 இல திறந்த நாள் தொட்டுத் தெரியும். ரெண்டு ரிக்கெற்றும் தனித்தனிய எண்டால் சென்னையில பெட்டியை எடுத்துத் திருப்பிப் போடவேணும், அதுக்கு இந்திய விசா வேணும். 72 வயசு மனிசியை அந்த அலைச்சலுக்கு விட எனக்கு மனமில்லை. உங்கட அம்மா கெட்டிக்காரி எண்டால் விடுங்கோ.

கேட்டது தூரம், ஆனா நிறையையும் சொல்லவேணும். ஒரு பெட்டிக்கு 23 கிலோ. கவுண்டரில 24.6 காட்டிச்சுது. நிலத்தில முழங்காலில இருந்து பெட்டியைத் திறந்தம். மிளகாய்த்தூள், ஒடியல் மா (காய்ஞ்ச பனங்கிழங்கு மா), பனங்கட்டிக் குட்டான் (ஓலைப்பெட்டியில வாற பனைவெல்லம்), எல்லாம் அக்கா கேட்டது. பேப்பரில சுத்தின பினாட்டை, அதுதான் காயவைச்ச பனம்பழக் களியை, மட்டும் அம்மா ஒரு சொல்லும் பறையாமல் தன்ர கைப்பைக்குள்ள, மருந்துச் சரைக்கு மேல வைச்சா. ஒடியல் மாவும் குட்டானும் என்னோட திரும்பி வந்திட்டுது.

ரெண்டு கிழமையால அக்கா போனில சொல்லுறா, ரொறன்ரோவில ஸ்காபரோப் பக்கக் கடையில உதெல்லாம் கிடக்காம், ஏன் அம்மாவைச் சுமக்கவிட்டனீ எண்டு. லிஸ்ற் அனுப்பினது ஆர்? வான்காரருக்குத் திரும்பி வாற காசும் நான்தான் குடுத்தனான்.