நாலு மொழி பேசும் மகளும் ஒரு தந்தையின் கவலையும்

ஐயா,

மேற்கு வங்கத்தின் கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பெண் உங்கள் மகள். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, பள்ளியில் இந்தி, கடைத்தெருவில் வங்காளம். நீங்கள் ஓய்வு பெற்றுக் காட்பாடிக்கு வந்ததும் பிளஸ் டூ தமிழ்த் தேர்வில் தடுமாறுகிறாள். "எதிலும் முழுசாக இல்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த நாலு மொழியே மருத்துவமனையில் அவளுக்கு ஒரு வேலைக்கு வழியாகலாம். ஒருநாள் காலையில் வேலூர் சிஎம்சி மருத்துவமனைப் பக்கம் அவளோடு போய் நில்லுங்கள். லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும். மேற்கு வங்கம், ஜார்கண்ட், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் ஒரு பெண் 'ஷொரீர் கராப்' என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஆனால் மாதவிலக்கையும் அங்கே அப்படித்தான் நாசூக்காகச் சொல்வார்கள். அந்த ஊரில் வளர்ந்தவளுக்குத்தான் இன்னொரு கேள்வி கேட்கத் தோன்றும். அவ்வளவு தூரம் ஏன்? யாழ்ப்பாணத்துக்காரர் "அம்மாவுக்கு வருத்தம்" என்றால் நோய். நாம் என்னவோ துக்கம் என்று நினைத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்போம்.

ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், 18 வயது இளைஞர் ஒருவரை நினைவு தப்பிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் குடும்பத்தார் ஸ்பானிஷில் 'இன்டாக்ஸிகாடோ' என்றார்கள். மருத்துவர்கள் அதைப் போதை மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். மூளையில் ரத்தக்கசிவு இருந்தது தாமதமாகத்தான் தெரிந்தது. அவருக்குக் கைகால் நான்கும் செயலிழந்துவிட்டன.

சரி, மொழி தெரிந்தால் வேலை கிடைத்துவிடுமா? கிடைக்காது. இப்படி வளர்ந்த பிள்ளைகளிடம் ஒரு குறையும் உண்டு. சின்ன வயதிலிருந்தே இரண்டு பக்கமும் மனம் நோகாமல் பூசி மெழுகிப் பேசிப் பழகியிருப்பார்கள். "அம்மாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதே" என்று நோயாளியின் மகன் கெஞ்சினால், இவளும் தலையாட்டிவிடுவாள். மருத்துவர் சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அது பயிற்சியில்தான் வரும்.

நம் நாட்டில் 'மருத்துவ மொழிபெயர்ப்பாளர்' என்று தனி வேலை அரிது. பெரிய மருத்துவமனைகளில் பேஷன்ட் கோஆர்டினேட்டர் என்று எடுப்பார்கள். அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், தொடக்கத்தில் அது பெரும்பாலும் வரவேற்பு மேசை வேலைதான். பயாலஜி படிக்கிறாள் என்றால் பி.எஸ்சி. நர்சிங், 4 வருடம். இல்லையென்றால் ஏதாவது ஒரு பட்டம், அப்புறம் மருத்துவ-மனநலச் சமூகப்பணிப் பிரிவில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் பட்டம். 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கில் இந்தப் பிரிவு உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நோயாளியோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசுவதே அங்கே வேலை. பின்னாளில் ஆஸ்திரேலியா போனால், நாட்டி என்ற அமைப்பு மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது.

தமிழை மட்டும் விட்டுவிட வேண்டாம். திட்டுவதற்குப் பதில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். குத்தல், குடைச்சல், எரிச்சல், இழுப்பு என்று நம் வலிகளை எழுதி, எதிரே மற்ற மூன்று மொழிச் சொற்களையும் எழுதச் சொல்லுங்கள். குடைச்சலில் கொஞ்சம் திணறுவாள். அவள் பிளஸ் டூவில் எந்த குரூப் என்று நீங்கள் எழுதவில்லையே, அதைத் தெரிவித்தால் கல்லூரிகளைப் பற்றிப் பேசலாம்.