மேலே படுக்கை, கீழே மேசை: உயரக் கட்டிலில் எதைப் பார்த்து வாங்குவது?

5 வயது மகனுக்கு மேசையோடு கூடிய உயரக் கட்டில் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வருடம் பொறுங்கள். 6 வயது நிரம்பாத குழந்தையை மேல் படுக்கையில் தூங்க வைக்கக் கூடாது.

வாங்கும்போது முதலில் தடுப்பைப் பாருங்கள். சுவரோரம் உட்பட நான்கு பக்கமும் இருக்க வேண்டும். மெத்தையின் மேற்பரப்பிலிருந்து அது குறைந்தது 13 செ.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: கடையில் வெறும் சட்டத்தை அளந்துவிட்டு வருவார்கள்; வீட்டில் தடித்த மெத்தையை விரித்ததும் தடுப்பு பாதி மறைந்துவிடும். ஏறி இறங்கும் வழியைத் தவிர, தடுப்பில் இடைவெளி எதுவும் 9 செ.மீ.க்கு மேல் ஆகாது. இருந்தால், உடல் நழுவி வெளியே தொங்க, தலை மட்டும் சிக்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து.

செங்குத்து ஏணியைவிட அகலமான படிகள் நல்லது. தூக்கக் கலக்கத்தில் இறங்கும் பிள்ளையின் வெறுங்காலை நினைத்துப் பாருங்கள். உருண்டைக் கம்பியில் அது எப்படிப் பிடிக்கும்? மின்விசிறி கைக்கு எட்டும் இடத்தில் கட்டில் வேண்டவே வேண்டாம். மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கக் கூடாது. நிழல் விழும் இடம் என்பதால் தனி விளக்கு தேவை. மரை ஆணிகளை அவ்வப்போது இறுக்குங்கள், ஆட்டம் கொடுக்கும்வரை காத்திருக்காதீர்கள்.