பழைய வழக்கைச் சொன்னால் அரசு வேலை போய்விடுமா?

கல்லூரிக் காலத்து அடிதடி வழக்கில் அபராதம் கட்டியதை மத்திய அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எழுதிவிடுங்கள். கைது, வழக்கு, அபராதம், தண்டனை எல்லாவற்றையும் அந்தப் படிவம் தனித்தனியாகக் கேட்கிறது. உங்கள் பகுதிக் காவல் நிலையப் பதிவுகளையும் பார்ப்பார்கள். பலருக்கு வேலை பறிபோவது குற்றத்தால் அல்ல, மறைத்ததால்தான்.

அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான குற்றமென்றால், மறைத்திருந்தாலும் நிர்வாகம் மன்னிக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னதாலேயே வேலை உறுதியாகிவிடாது. முன்வரலாற்றை எடைபோடும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு. மோசடி, திருட்டு போன்ற ஒழுக்கக்கேடான குற்றங்களில் மன்னிப்புக்கு இடம் மிகக் குறைவு. விடுதலையானவர்களும் கவனிக்க வேண்டும்: கடுங்குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலனால் கிடைத்த விடுதலையைக் குற்றமற்றவர் என்ற தீர்ப்புக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. காவல் துறைப் பணியென்றால் கண்டிப்பு இன்னும் அதிகம்.

அப்போது உங்களுக்குப் பதினெட்டு நிறையவில்லை என்றால் நிலைமை வேறு. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 24ஆம் பிரிவு, பெரும்பாலான சிறார் வழக்குகளால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. தீர்ப்பு நகலை வாங்கிப் படிவத்தோடு இணையுங்கள்.