வேற்று மொழிப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஸ்மார்ட் போர்டும் மொழிபெயர்ப்புச் செயலியும் எவ்வளவு உதவும்?

நீங்கள் புதிதாகப் பணியில் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். போர்டு வந்துவிட்டது, கையில் போன் இருக்கிறது, வகுப்பில் நாலைந்து வடமாநிலப் பிள்ளைகள். செயலியை வைத்துச் சமாளித்துவிடலாமா என்கிறீர்கள். நானும் அந்த நம்பிக்கையில்தான் இருந்தேன். அதில் ஒரு குழந்தைக்கு மூன்று வாரம் வீணாய்ப் போனது.

திருப்பூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை நான். எங்கள் பெற்றோரில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். 2022-ல், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வரவைக்க அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கிய வருடம், இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி சேர்ந்தாள். வாயே திறக்க மாட்டாள். வடக்கிலிருந்து வந்தால் இந்தி, இதுதான் என் கணக்கு. நான் தமிழில் சொல்வேன், போன் அதை இந்தியில் சொல்லும், அவள் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் போன் 'பானி' என்றதும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். சரி, பிள்ளைக்குப் புரிகிறது, கூச்சத்தில் பேசவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தத் திட்டத்தில் பிள்ளைகளைப் பிரிக்க அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை உண்டல்லவா, யோசிக்காமல் அடிநிலையான அரும்பில் போட்டேன்.

கணக்கிலும் அதே கதை. 2+2-க்கு எட்டு. 3+1-க்கும் எட்டு. மற்ற விடைகளெல்லாம் கிறுக்கல். பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் தப்பு போட்டுக்கொண்டே போனேன்.

ஏதோ சான்றிதழ் வாங்க அவள் அப்பா வந்திருந்தார். மேசையில் கிடந்த நோட்டை எடுத்துப் பார்த்தவர், விரலை வைத்து, "மேடம், இது நாலு" என்றார். அவர்கள் ஒடிசாக்காரர்கள். ஒடியா எண்ணில் நாலு என்பது மேலே வாய் திறந்த எட்டு மாதிரி இருக்கும். ஊரில் முதல் வகுப்பில் அந்த எண்களைத்தான் படித்திருக்கிறாள். கிறுக்கல் என்று நான் நினைத்தவை எல்லாம் எண்கள். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி திருத்தினேன். பத்துக்கு ஒன்பது சரி. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

பானி என்றால் ஒடியாவிலும் தண்ணீர்தானாம். அந்த ஒரு சொல்லை நம்பி மூன்று வாரம் ஓட்டியிருக்கிறேன். கூகுள் மொழிபெயர்ப்பில் 2020-லிருந்தே ஒடியா இருக்கிறது. செயலி மேல் குற்றமே இல்லை, 'வீட்டில் என்ன பேசுவீர்கள்' என்று நான் கேட்கவில்லை. இந்தித் திணிப்பு பற்றி மேடையில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். என் வகுப்பில் அதைச் செய்தவள் நான்.

அப்புறம் முறையை மாற்றினேன். என் போனில் அப்போது ஒடியா எழுத்தாக மட்டும் வந்தது, குரலாக வரவில்லை. எழுத்தை வைத்து ஏழு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அதனால் பாடத்துக்கு இருபது சொல் எடுத்து அவள் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், அவர் ஒடியாவில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். போர்டின் ஒலிபெருக்கியில் போடுவேன். தன் அப்பா குரல் வகுப்பில் கேட்டதும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! மற்ற பிள்ளைகளும் கூடச் சொல்லுவார்கள், சிரிப்பும் கும்மாளமுமாக.

உணவுப் பாடத்துக்கு என்னிடம் இருந்த படத்தில் இட்லி, தோசை, பொங்கல்தான் இருந்தன. நான் பழைய சோற்றுப் படம் ஒன்றைத் தேடிப் போட்டேன், வெங்காயம், மிளகாயோடு. "பகாள!" என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். அவள் வகுப்பில் சத்தமாகப் பேசிய முதல் சொல் அது. அவர்கள் ஊரிலும் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்துச் சாப்பிடுவார்கள். மார்ச் 20-ஐப் பகாள நாள் என்றே கொண்டாடுகிறார்கள். அந்தச் சொல்லில் இருப்பது நம் ளகரம்தான், அதனால் 'பள்ளி', 'வெள்ளம்' எல்லாம் அவளுக்குச் சுத்தமாக வரும். ழகரம் வராது. அது நம் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிறதா என்ன?

'தமிழ்நாட்டில் ஒடியா எதற்கு' என்று யாராவது கிளம்பி வருவீர்கள், தெரியும். பள்ளியில் தமிழ் கட்டாயம் என்கிற தமிழ் கற்பித்தல் சட்டம் 2006-லிருந்தே இருக்கிறது, எனக்கும் தெரியும். அவளுக்குத் தமிழ் வரவைக்கத்தான் இத்தனையும். அரையாண்டுக்குள் "டீச்சர், கரண்ட் இல்லீங்க" என்று கொங்குத் தமிழில் எனக்கே தகவல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஒடியாவும் செம்மொழிதான். நமக்கு 2004-ல் கிடைத்தது, அவர்களுக்கு 2014-ல்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, மன்னிக்கவும். இவ்வளவும் என் சொந்த போன், சொந்த நெட் பேக். அதே போனில்தான் காலை வருகைப்பதிவு, மதியம் சத்துணவு எண்ணிக்கை, சாயங்காலம் ஏதோ ஒரு படிவம். பாடம் நடத்தும்போது பதிவேற்றச் சொல்லி நினைவூட்டல் வரும், போர்டில் ஓடுகிற ஒலி நின்றுவிடும். இதைச் சொன்னால் 'உங்களுக்கென்ன, கோடை லீவு இருக்கிறது' என்பார்கள் எங்கள் வீட்டு விசேஷங்களில். ஒரே ஒரு நாள் வந்து அந்த வகுப்பில் நில்லுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றும், சொல்வதில்லை.

போர்டு உதவுமா என்றால், உதவும். சேர்க்கையின்போதே வீட்டு மொழி என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பீகார் என்றதும் இந்தி என்று நீங்களே நிரப்பாதீர்கள், மைதிலியோ போஜ்புரியோகூட இருக்கலாம். பெற்றோரிடம் குரல் பதிவு கேட்பதானால் ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். மற்ற நாளில் ஷிப்ட் முடிந்து அவர்கள் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிவிடும்.